விழா முடிந்ததும் அவரவர் கூட்டத்தோடு கிளம்பிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

விழாக்குழு

வணக்கம். எங்கள் குடியிருப்பில் பல மொழி, பல மதம், சில வேற்று நாட்டுக் குடும்பங்கள் என்று கலந்து இருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை பண்பாட்டு நாள் கொண்டாடுகிறோம். மேடை, ஒலிபெருக்கி, குழு நடனம், பாட்டு, கடைசியில் எல்லார் வீட்டுச் சாப்பாடும் ஒரே பந்தலில். கூட்டத்துக்குக் குறையே இல்லை.

ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், ஒவ்வொரு கூட்டமும் தங்கள் பிள்ளைகள் ஆடும் வரை இருக்கிறது, கைபேசியில் படம் எடுக்கிறது, தெரிந்த ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது, போய்விடுகிறது. மறுநாள் லிஃப்டில் பார்த்தால் அதே பழைய தலையசைப்புதான்.

குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி மேடையை இன்னும் பெரிதாகப் போடலாம் என்கிறது. இன்னொரு கட்சி விழாவையே நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் வேறு ஏதாவது செய்யலாம் என்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "ஒற்றுமையே வலிமை" மாதிரி பதில் மட்டும் வேண்டாம், அது எங்கள் பேனரிலேயே இருக்கிறது.

கடைசிபெஞ்ச்

எல்லாரும் கலந்து பழகியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? சண்டை இல்லை, பார்த்தால் தலையசைக்கிறார்கள். பல இடங்களில் அதுவே கிடையாது. வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று ஓடுகிறவனை ஒரு விடுமுறை நாளில் பிடித்து உட்கார வைத்து "வா, பண்பாட்டைப் பரிமாறிக்கொள்" என்றால் அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். நானும் அப்படித்தான் போவேன்.

நடைவண்டி

விழாக்குழு அண்ணா, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மேடை என்பது எல்லாரையும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வைக்கிற ஏற்பாடு. பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாயைத் திறந்தால் பின்னால் இருப்பவர் முறைப்பார். மாலை முழுக்கப் பேசக்கூடாத மாதிரி எல்லாம் செய்து வைத்துவிட்டு, ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்கிறோம்.

நான் பல வருடமாக இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் பின்வேலை பார்க்கிறவள். பழக்கம் உண்டாவதை நான் பார்த்ததெல்லாம் அங்கேதான். ஒயர் இழுக்கிறவர்கள், நாற்காலி அடுக்குகிறவர்கள், அண்டா கழுவுகிறவர்கள். அரைகுறை மொழியிலும் சைகையிலும் சிரித்துக்கொண்டு வேலை முடிப்பார்கள். அடுத்த வாரம் ஒருவர் வீட்டில் குழாய் உடைந்தால் இன்னொருவருக்குத்தான் போன் போகும்.

ஆனால் பெரும்பாலான குழுக்கள் என்ன செய்கின்றன? அலங்காரம் இந்த மொழிக்காரர்களுக்கு, சமையல் அந்த மொழிக்காரர்களுக்கு, கணக்கு வழக்கு எப்போதும் நமக்கு என்று பிரித்துவிடுகின்றன. நிர்வாகத்துக்கு அது வசதி, ஏனென்றால் ஒரே வாட்ஸாப் குழுவில் வேலை முடிந்துவிடும். பழக்கம் உண்டாகிற ஒரே இடத்தையும் அதோடு அடைத்தாயிற்று. மேடையைப் பெரிதாக்குவதும் வேண்டாம், விழாவை நிறுத்துவதும் வேண்டாம். வேலைப் பட்டியலைக் கலைத்துப் போடுங்கள்.

அலைவரிசை

நடைவண்டி அக்கா அனுபவத்தில் சொன்னதற்கு ஆராய்ச்சிப் பக்கமும் துணை இருக்கிறது. சமூக உளவியலில் இதைத் தொடர்புக் கருதுகோள் என்பார்கள். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் முன்வைத்தது. வெவ்வேறு கூட்டத்தார் வெறுமனே ஒரே இடத்தில் இருந்தால் போதாது என்றார் அவர். அந்த இடத்தில் சம நிலை இருக்கவேண்டும், பொதுவான ஒரு இலக்கு இருக்கவேண்டும், அதை அடைய ஒருவருக்கொருவர் ஒத்துழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும்.

அதே 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் குழு ஒரு கோடை முகாமில் நடத்திய சோதனை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கம். பதினொரு பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேர். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, பரிசு வைத்துப் போட்டி விட்டார்கள். சில நாளிலேயே கொடியை எரிப்பது, அறைக்குள் புகுந்து கலைப்பது வரை போயிற்று. பிறகு சமாதானம் செய்ய முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். அதாவது நம் விழாவின் அதே நிகழ்ச்சி நிரல். பையன்கள் சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள்.

மாற்றம் எப்போது வந்தது என்றால், முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றபோது எல்லாரும் சேர்ந்து அடைப்பைத் தேடினார்கள். கிளம்பாத லாரியைச் சேர்ந்து இழுத்தார்கள். இப்படி, ஒரு குழு தனியாக முடிக்க முடியாத வேலைகள் அடுத்தடுத்து வந்த பிறகுதான் ஒரே மேசையில் கலந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

கடைசிபெஞ்ச்

22 பையன்கள், அதுவும் ஆராய்ச்சியாளர்களே மூட்டிவிட்ட சண்டை. தண்ணீரை நிறுத்தியதும் அவர்களேதான் என்று படித்திருக்கிறேன். இதை வைத்து நாற்பது வயதுக்காரனின் மனத்தை மாற்றலாம் என்கிறீர்களா? எங்கள் ஊழியர் சங்கத்தில் ஆண்டு முழுக்கச் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். இருந்தும் சிலர் வாயைத் திறந்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது.

அலைவரிசை

ஷெரீஃப் சோதனைமேல் நீங்கள் சொல்கிற விமர்சனம் சரியானதுதான். அதை மட்டும் நம்பி நான் எழுதவில்லை.

தாமஸ் பெட்டிகுரு, லிண்டா டிராப் இருவரும் 2006இல், அதுவரை நடந்த 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 38 நாடுகள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பொதுவாகத் தொடர்பு கூடினால் வெறுப்பு குறைகிறது என்றுதான் வந்தது. ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்தால் பலன் அதிகம், முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவு உண்டு.

ஆனால் 2019இல் எலிசபெத் பலக்கும் உடன் எழுதியவர்களும் வடிகட்டியை இறுக்கினார்கள். யார் கலந்து பழகவேண்டும், யார் வேண்டாம் என்று குலுக்கல் முறையில் பிரித்து, பலனை ஒரு நாளாவது கழித்து அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் மிஞ்சியது 27. இன வெறுப்பு சம்பந்தப்பட்டவற்றில் பலன் மற்றவற்றைவிடச் சிறியது. அதைவிட முக்கியம், 25 வயதைத் தாண்டியவர்களின் இன வெறுப்பைப் பற்றி அந்தப் பட்டியலில் ஆய்வே இல்லை. ஆக, உங்கள் நாற்பது வயதுக்காரரைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம். அந்தப் புள்ளியை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈராக்கில் ஐஎஸ் அமைப்பால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களை வைத்துச் சல்மா மூசா ஒரு கால்பந்து லீக் நடத்தி, 2020இல் முடிவுகளை வெளியிட்டார். சில அணிகள் முழுக்கக் கிறிஸ்தவர்கள், சில அணிகளில் முஸ்லிம் வீரர்களும் உண்டு. கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக எதிரணி முஸ்லிம் வீரருக்குப் பரிசு கிடைக்க வாக்களித்தார்கள், அடுத்த பருவத்திலும் கலப்பு அணியிலேயே பெயர் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முஸ்லிம்கள் அதிகம் வாழும் நகரத்து உணவகத்துக்குப் போவது, இரு தரப்பும் வருகிற விருந்துக்குப் போவது போன்றவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அறிந்த ஆட்கள்மேல் வருகிற நம்பிக்கை அறியாத ஆட்கள் வரை தானாக நீளுவதில்லை.

மாடிப்படி

பெரிய பெரிய ஆராய்ச்சி பேசுகிறீர்கள், என்னிடம் சின்னக் கேள்வி. எங்கள் பகுதியில் மொழிவாரியாக அணி பிரித்து விளையாட்டுப் போட்டி வைக்கிறோம். நல்ல கூட்டம், நல்ல உற்சாகம். இது நல்லதா கெட்டதா?

அலைவரிசை

இதற்கு நேரடியாகவே ஒரு ஆய்வு உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ என்பவர் இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்தினார், 2021இல் வெளியானது. வெவ்வேறு சாதிக்காரர்கள் ஒரே அணியில் ஆடியபோது சாதி தாண்டிய நட்பு கூடியது, தன் சாதிக்காரனுக்கே சலுகை காட்டுவது குறைந்தது. வேறு சாதிக்காரர்களை எதிரணியாகச் சந்தித்தபோது பெரும்பாலும் நேர்மாறு. அதே மைதானம், அதே ஆட்டம், அணி பிரித்த விதம்தான் வேறு.

எனவே உங்கள் போட்டியை நிறுத்தவேண்டாம், அணியைக் குலுக்கிப் போடுங்கள்.

மாடிப்படி

குலுக்கிப் போட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். "நம்ம அணி" என்கிற பெருமைக்காகத்தான் நன்கொடையே வருகிறது.

நடைவண்டி

அப்படியானால் மாடி வாரியாக, தெரு வாரியாகப் பிரியுங்கள். பெருமைக்குப் பெருமையும் ஆச்சு, கலப்புக்குக் கலப்பும் ஆச்சு. நன்கொடை தருகிறவருக்குக் கோப்பையில் பெயர் இருந்தால் போதும், யார் ஆடுகிறார்கள் என்று பார்க்கமாட்டார்.

புதுக்குடி

இவ்வளவு நேரம் அழைக்கிறவர்களின் குரல்தான் கேட்கிறது. அழைக்கப்படுகிறவளாகக் கொஞ்சம் பேசட்டுமா?

நான் வேறு இடத்திலிருந்து வந்து குடியேறியவள். ஒவ்வொரு பண்பாட்டு விழாவுக்கும் எனக்கு வருகிற அழைப்பு ஒரே மாதிரி இருக்கும். "உங்கள் பாரம்பரிய உடையில் வாருங்கள். உங்கள் நடனம் ஏதாவது ஆடுங்கள். உங்கள் ஊர்ச் சாப்பாடு கொண்டுவாருங்கள்." எனக்கு நடனம் தெரியாது. நான் கணக்காளர். குழுவுக்கு வரவு செலவு பார்த்துத் தரவா என்று கேட்டேன், "அதற்கு ஆள் இருக்கிறது, நீங்கள் ஆட்டத்துக்கு வாருங்கள்" என்றார்கள்.

அப்புறம் கேள்விகள். உங்கள் மக்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், உங்கள் மதத்தில் இது ஏன் இப்படி. ஒரு நாட்டின், ஒரு மதத்தின் எல்லா மனிதர்களுக்கும் நான் பதில் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை யாரும் அப்படிக் கேட்பதில்லை, அவர் தன் கருத்தை மட்டும் சொன்னால் போதும். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று மணி நேரம் கண்காட்சிப் பொருளாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரோடும் பழகுகிற தெம்பு மிஞ்சுவதில்லை.

அலைவரிசை அவர்கள் சொன்ன "சம நிலை" என்பதை விழாக்குழுக்கள் மேடையில் சம நேரம் என்று புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பத்து நிமிடம், கணக்கு நேர். ஆனால் தேதியை முடிவு செய்தது யார், பணத்தைக் கையாளுகிறவர் யார், எந்தப் பாட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? அங்கே நாங்கள் இல்லாதவரை மேடையில் எத்தனை நிமிடம் கொடுத்தாலும் விருந்தாளிதான்.

விழாக்குழு

புதுக்குடி, உங்கள் பதிவை எங்கள் குழுவின் அரட்டையில் அப்படியே போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர், "நம் குழுவில் பதினோரு பேர், எல்லாரும் ஒரே மொழி" என்று எழுதினார். இத்தனை வருடமாகக் கண்முன்னே இருந்த விஷயம்.

இருமொழி

நான் சமூக மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன், அதாவது மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம் என்று ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற வேலை. விழாக்களில் நான் காண்பது, அறிவிப்பு மூன்று மொழியில் இருக்கும், உரையாடல் ஒரே மொழியில் நடக்கும். பேனரை மொழிபெயர்ப்பது எளிது, அதனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சில நடைமுறை விஷயங்கள் சொல்கிறேன். மைக்கில் பேசுகிறவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தவேண்டும், இதை முன்னாலேயே சொல்லி ஒத்திகை பாருங்கள். மொழிபெயர்ப்பவர் மேடைக்குக் கீழே ஒளிந்து நிற்கக்கூடாது, பேச்சாளருக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கவேண்டும். சிறு குழுவாக உட்காரும்போது ஒரு வட்டத்துக்கு ஆறேழு பேருக்குமேல் போனால் மொழிபெயர்ப்பு தடுமாறும். தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்றோரைவிடப் பிள்ளைக்கு மொழி நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பலர் முன்னால் அப்பா அம்மாவுக்குப் பதிலாகப் பிள்ளை பேசினால், அந்த அப்பா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

மொழியே அதிகம் தேவைப்படாத வேலைகளும் உண்டு. செடி நடுவது, பழுதான சாமான்களைச் சரிபார்ப்பது, சுவரில் சேர்ந்து வண்ணம் தீட்டுவது. பழுதுபார்ப்பு மேசை ஒன்று போட்டுப் பாருங்கள். மிக்ஸி ஓடவேண்டும் என்பதில் எந்தப் பண்பாட்டுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

நூலகத்தோழி

மனித நூலகம் பற்றி யாரும் சொல்லவில்லையே? 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ராஸ்கில்டே இசை விழாவில் தொடங்கியது. புத்தகத்துக்குப் பதிலாக ஆட்களை "இரவல்" எடுத்து, அரை மணி நேரம் போல நேருக்கு நேர் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். அகதி, பார்வையற்றவர், சிறையிலிருந்து வந்தவர் என்று பொதுவாக முத்திரை குத்தப்படுகிற ஆட்கள்தான் "புத்தகங்கள்". இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. செலவு மிகக் குறைவு. ஒரு நூலகக் கூடமும் சில நாற்காலிகளும் போதும்.

புதுக்குடி

நல்ல ஏற்பாடு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் பழைய பதிவோடு முரண்படுகிறதே என்று யாராவது கேட்கும் முன் நானே சொல்கிறேன்: அங்கே "புத்தகம்" ஆக வருகிறவர் தானாக முன்வருகிறார், விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம், அவருக்கு முன்தயாரிப்பு உண்டு. விழாவில் தட்டோடு நிற்கும்போது திடீரென்று கேள்வி கேட்பது வேறு. அதே சமயம், எங்கள் குடியிருப்பில் நடத்தினால் புத்தகமாக அழைக்கப்படுகிறவர்கள் நாங்களாகவும் வாசகர்கள் நீங்களாகவும்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பான்மைக் கூட்டத்திலிருந்தும் இரண்டு மூன்று புத்தகங்கள் வரட்டும். எனக்கும் கேட்கக் கேள்விகள் இருக்கின்றன.

கடைசிபெஞ்ச்

இப்போதுதான் சுவாரஸ்யமாகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு செய்தும், நிஜமாகவே மனத்தில் இருப்பதை யாராவது பேசுவார்களா? வீடு வாடகைக்குக் கொடுக்க மறுப்பது, "அவர்கள் வந்தபிறகு இடம் கெட்டுவிட்டது" என்று முணுமுணுப்பது. இதையெல்லாம் மேடையில் வைக்காமல் பாட்டும் கூத்துமாக ஓட்டுவது, கறைமேல் பாய் விரிப்பதுதானே?

மாடிப்படி

ஐயோ வேண்டாம். விழாவில் போய் வாடகைப் பிரச்சினை பேசினால் வருகிற கூட்டமும் வராது. சந்தோஷமாக இருக்க ஒரு நாள். அன்றைக்காவது விட்டுவிடுங்கள்.

புதுக்குடி

வாடகை மறுக்கப்பட்டவருக்கும் அது சந்தோஷமான நாளாக இருக்கவேண்டும் என்றால்?

கடைசிபெஞ்ச்

மாடிப்படி மாதிரி ஆட்களால்தான்

நெறியாளர்

கடைசிபெஞ்ச், அந்த வாக்கியத்தை முடிக்கவேண்டாம். கருத்தைப் பேசுங்கள், ஆளை விட்டுவிடுங்கள். இழை நன்றாகப் போகிறது, பூட்ட வைத்துவிடாதீர்கள்.

அலைவரிசை

இரண்டு பக்கத்துக்கும் உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது. சிங்கப்பூரில் ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாள். பள்ளிகளில் 1997 முதல் கொண்டாடுகிறார்கள், பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் வருவார்கள். வண்ணமயமான நாள்தான். ஆனால் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்றால், 1964 ஜூலை 21இல் அங்கே இனக்கலவரம் வெடித்தது. கொண்டாட்டத்தின் உள்ளேயே காயத்தின் தேதியை வைத்திருக்கிறார்கள்.

லண்டனில் 1958இல் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபிய மக்கள்மேல் தாக்குதல் நடந்தது. அதற்கு எதிர்வினையாகப் பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்குள் கரீபியக் கார்னிவல் நடத்தினார். 1966இல் அதே பகுதியில் தெருவிழா ஒன்று தனியாகத் தொடங்கியது. இன்றைய பெரிய நாட்டிங் ஹில் கார்னிவலின் வேர்கள் இந்த இரண்டிலும் இருக்கின்றன. இங்கே கவனிக்கவேண்டியது, அடிபட்டவர்கள் விருந்தாளியாக அழைக்கப்படவில்லை, அவர்களே வீட்டுக்காரராக நின்று மற்றவர்களை அழைத்தார்கள்.

எனவே பாட்டும் கூத்தும் பொய் என்று ஒதுக்கவேண்டியதில்லை. யார் நடத்துகிறார்கள், எதை நினைவில் வைத்து நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று, அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணி இந்திய நகரங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 2002இல் எழுதியது. இந்து-முஸ்லிம் கலவரம் வந்த நகரங்களையும் வராத நகரங்களையும் வைத்துப் பார்த்தார். பண்டிகைக்குப் போய்வருவது, பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது போன்ற அன்றாடப் பழக்கம் நல்லதுதான், ஆனால் நகரங்களில் வதந்தி பரவும் நேரத்தில் தாங்கிப்பிடித்தது இரு சமூகத்தாரும் உறுப்பினராக இருந்த வணிகச் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் மன்றம் போன்ற அமைப்புகள் என்றார். ஆபத்து நேரத்தில் யாரிடம் பேசவேண்டும் என்று அங்கே தெரியும், பேசினால் கேட்கவும் ஆள் இருக்கும். கடைசிபெஞ்ச், உங்கள் ஊழியர் சங்கத்தில் இருக்கிற அந்தச் சிலரை விடுங்கள், அந்தச் சங்கம் என்ற ஏற்பாடே அப்படிப்பட்ட ஒன்றுதான்.

கடைசிபெஞ்ச்

சரி. அதைப் பற்றி யோசிக்கவேண்டும். மாடிப்படி, கோபத்தில் ஆரம்பித்தேன், விட்டுவிடுங்கள்.

வாடகை விஷயத்தில் மட்டும் என் நிலை மாறவில்லை. விழாவில் வேண்டாம் என்றால் வேறு எந்த நாளில், எந்த அறையில் என்று குழு சொல்லவேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்பது பதில் இல்லை.

மாடிப்படி

பரவாயில்லை தம்பி. வேறு நாள் வைத்தால் நானும் வருகிறேன். விழா நாளில் மட்டும் வேண்டாம் என்பதில் நானும் மாறவில்லை.

நடைவண்டி

பெரிய விஷயம் பேசும்போது சின்ன விஷயங்கள் விட்டுப்போகும், எழுதிவைக்கிறேன். தேதி வைக்கும் முன் எல்லாருடைய நோன்பு, பண்டிகை, பள்ளித் தேர்வு, ஷிப்ட் நாட்களையும் ஒரே காலண்டரில் குறியுங்கள். நாங்கள் அழைத்தோம், அவர்கள்தான் வரவில்லை என்று சொல்லப்படுகிற பல கதைகள் தேதியில்தான் இருக்கின்றன. சாப்பாட்டுத் தட்டுகளின்மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள், அப்போது ஒவ்வொருவரும் சங்கடத்தோடு விசாரிக்க வேண்டியிருக்காது. கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒதுங்க ஒரு இடம், நடக்க முடியாதவர்களுக்குச் சாய்தளம். ஒலிபெருக்கியைச் சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

இன்னும் முக்கியம், வருடத்தில் ஒரு பெரிய நாளைவிட மாதம் ஒரு சின்ன மாலை மேல். ஒரே நாளில் அறிமுகமானவர் பெயர் மறுநாள் மறந்துபோகும். பதினைந்து பேர் வந்தாலும் அதே பதினைந்து பேர் திரும்பத் திரும்ப வந்தால் பெயர் நிற்கும்.

கடைசிபெஞ்ச்

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? எல்லா விழாக்குழுவும் வந்த தலைகளை எண்ணி "மாபெரும் வெற்றி" என்று போட்டுவிடும்.

இருமொழி

தலையை எண்ணாதீர்கள். வேறு மொழி வீட்டுக்காரர் யாருடைய போன் எண்ணாவது உங்களிடம் இருக்கிறதா, அவசரத்துக்குச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள் என்று முன்னும் பின்னும் கேளுங்கள். பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தந்த மொழியிலேயே கேளுங்கள், இல்லாவிட்டால் மொழி தெரிந்தவர்களின் பதில் மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

விழாக்குழு

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் குழு கூடியது. முடிவானதைச் சொல்கிறேன்.

மேடை இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம்தான். பிள்ளைகள் ஆடவேண்டும், அதில் கை வைத்தால் என் வீட்டிலேயே எனக்குச் சாப்பாடு கிடைக்காது. மீதி நேரத்தில் பழுதுபார்ப்பு மேசை, பின்சுவரில் ஓவியம். வேலைக் குழுக்கள் மாடி வாரியாக, மொழி வாரியாக இல்லை. விளையாட்டு அணிகளும் அப்படியே. குழுவில் ஐந்து இடங்களைக் காலி செய்கிறோம், அதில் பொருளாளர் பதவியும் ஒன்று. எங்கள் குடியிருப்பில் இருக்கிற வேற்று மொழிக் குடும்பங்களிடம் நேரில் போய்க் கேட்கப் போகிறோம், ஆடச் சொல்லி அல்ல. பொருளாளரை விடுவிப்பதற்குத்தான் ரொம்ப நேரம் ஆனது, அவர் பெரிய மனசு பண்ணி எழுந்தார் என்று சொல்ல ஆசை, கொஞ்சம் முணுமுணுப்போடுதான் எழுந்தார்.

வாடகை விஷயம் விழாவில் வராது. தனியாக ஒரு கூட்டம், அடுத்த மாதம், குடியிருப்போர் சங்கத்தின் பெயரிலேயே. இதில் குழு இரண்டாகப் பிரிந்து வாக்கெடுப்புக்குப் போய், ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. தோற்ற கட்சிக்காரர்கள் கூட்டத்துக்கு வருவார்களா என்று தெரியவில்லை.

மனித நூலகம் இந்த வருடம் இல்லை. புதுக்குடி சொன்ன முன்தயாரிப்புக்கு நேரம் போதாது.

இருமொழி அவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். வாடகைக் கூட்டத்துக்கு மூன்று மொழிகள் தேவைப்படும், எங்களிடம் ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர்தான். எப்படி உட்கார வைப்பது?

இருமொழி

ஒருவரை வைத்து மூன்று மொழியை ஓட்டாதீர்கள், அரை மணியில் களைத்துப்போவார், பிறகு சுருக்கிச் சொல்ல ஆரம்பிப்பார். வாடகை மாதிரி விஷயத்தில் சுருக்கம்தான் சண்டையை உண்டாக்கும். இன்னொரு ஆளைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மொழிவாரியாக இரண்டு நாளாகப் பிரிக்காமல் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆள் கிடைத்தால் வட்டமாக உட்காருங்கள், மொழிபெயர்ப்பவர்கள் எதிரெதிராக, அப்போதுதான் ஒருவர் கை உயர்த்தி மற்றவரை நிறுத்த முடியும். பேசுகிறவர் மொழிபெயர்ப்பவரைப் பார்த்துப் பேசாமல், எதிரே இருக்கும் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசட்டும். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே நாற்காலியில் சீட்டு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் மொழி மொழியாகத்தான் உட்காருவார்கள்.